ஞானப்பல்: எடுப்பதா, விட்டுவைப்பதா?

(ஜமாஅத் கமிட்டி நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

பல் பாதுகாப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுமாறுதான் கமிட்டியார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் சென்ற மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி, பேச வேண்டிய பொருளை ஒரே ஒரு பல்லாகச் சுருக்கிவிட்டது.

ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த தகப்பனார் ஒருவர், எக்ஸ்ரே உறையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். "தம்பி, பையனுக்கு ஒரு வலியும் இல்லை. ஆனா ஒரு டாக்டர், ஞானப்பல் நாலையும் இப்பவே எடுத்துடணும்கிறார். இன்னொரு டாக்டர், தொடவே வேண்டாம்கிறார். பையன் மூணு மாசத்துல துபாய் போறான். நாங்க யார் பேச்சைக் கேக்குறது?" என்று கேட்டார்.

அவர் கேட்டது அவருடைய கேள்வி மட்டுமன்று. பதினேழு வயது முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்ற எல்லோருடைய கேள்வியும் அதுவே. எனவே அதையே இன்று பேசலாம் என்று எண்ணினேன்.

கடைசியில் வரும் பல்

நமக்கு மொத்தம் முப்பத்திரண்டு பற்கள் என்பது பள்ளிப் பாடம். அவற்றுள் கடைவாயின் கோடியில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக, எல்லாவற்றிற்கும் பின்னர் முளைப்பவை மூன்றாம் கடைவாய்ப்பற்கள். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள், அதாவது அறிவு முதிரும் பருவத்தில் அவை வருவதால், ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் பெயர் பெற்றன. எல்லோருக்கும் நான்கும் இருக்கும் என்பதும் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை என்று கூறுகிறது.

கடைசியாக வருவதால் இதற்கு இடம் கிடைப்பது அரிது. பேருந்து நிறைந்த பின்னர் ஏறுபவரின் நிலைதான். இடம் இருந்தால் நேராக முளைத்து மற்றப் பற்களைப் போல் உழைக்கும். இடம் இல்லாவிட்டால், முன்னால் உள்ள பல்லின்மீது சாய்ந்தோ, படுத்த நிலையிலோ, தாடை எலும்புக்குள்ளேயோ தங்கிவிடும். சில வேளைகளில் பாதி வெளியே, பாதி ஈறுக்குள்ளே என நின்றுவிடும். இந்த நிலைகளுக்குள் உள்ள வேறுபாட்டைத் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் முடிவு முழுவதும் இதனைச் சார்ந்தே நிற்கிறது.

என் இரு தவறுகள்

மருத்துவர்கள் தங்கள் வெற்றிகளை மேடையில் பேசுவது வழக்கம். நான் இன்று என் இரு தவறுகளைச் சொல்ல விரும்புகிறேன். அவற்றிலிருந்துதான் இந்தப் பாடத்தை நான் கற்றேன்.

தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், பத்தொன்பது வயது மாணவி ஒருவரை அவருடைய அத்தா அழைத்து வந்தார். கீழ்த்தாடையின் இரு ஞானப்பற்களும் எலும்புக்குள் ஆழமாகப் புதைந்திருந்தன. வலி இல்லை, வீக்கம் இல்லை, எக்ஸ்ரேயில் நோயின் அடையாளமும் இல்லை. "திருமணத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிடலாமே" என்று அத்தா கேட்டார். நானும் இசைந்து இரண்டையும் எடுத்தேன். அடுத்த நாள் முதல் அந்தப் பெண்ணுக்குக் கீழுதட்டின் வலப்பாதியும் முகவாயும் மரத்துப் போயின. தேநீர் அருந்தும்போது முகவாயில் வழிவதுகூடத் தெரியவில்லை என்று சொல்லி அழுதார். எட்டு மாதங்களில் உணர்வு ஏறத்தாழ முழுமையாகத் திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அந்தப் பல் அவரை ஒருநாளும் வருத்தியதில்லை. வருத்தியவன் நான்தான்.

அந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் நான் மறுகரைக்குப் போய்விட்டேன். வளைகுடாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவருடைய கீழ் ஞானப்பல் பாதி வெளியே தெரிய, முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லின்மீது சாய்ந்து நின்றது. வலி இல்லை. "வலிக்காத பல்லைத் தொட வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒன்பது ஆண்டுகள் கழித்து, இரவெல்லாம் உறங்காத முகத்துடன் வந்தார். இரு பற்களுக்கும் இடையே சேர்ந்த உணவு, ஞானப்பல்லை விட்டுவிட்டு, முன்னால் இருந்த நல்ல பல்லின் பின்புறத்தை வேர்வரை அரித்திருந்தது. இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. "நீங்கதானே டாக்டர் விட்டுடச் சொன்னீங்க?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

முதலாமவரிடம் தேவையின்றி எடுத்தேன். இரண்டாமவரிடம் விட்டுவைக்கச் சொல்வதாக எண்ணிக்கொண்டு விட்டுவிடச் சொன்னேன். விட்டுவைப்பது வேறு, விட்டுவிடுவது வேறு. இந்த உரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

உலக மருத்துவர்கள் கூறுவது என்ன?

இந்தக் கருத்து வேறுபாடு நம் ஊர் மருத்துவர்களுக்குள் மட்டும் உள்ளதன்று. நாடுகளே இதில் வேறுபடுகின்றன.

பிரிட்டனில் அரசு மருத்துவத் துறைக்கு நெறிமுறை வகுக்கும் 'நைஸ்' நிறுவனம், நோயில்லாத புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிவித்தது. அடைக்க முடியாத சொத்தை, சீழ்க்கட்டி, நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லின் தேய்வு போன்ற நோய் இருந்தால் மட்டுமே எடுக்கலாம் என்றது. பல்லைச் சூழ்ந்த ஈறு முதல் முறை வீங்குவது, மிகக் கடுமையாக இருந்தாலன்றி, எடுப்பதற்குக் காரணமாகாது என்றும், மறுமுறையும் வந்தால் எடுப்பது தகும் என்றும் வரையறுத்தது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்குள்ள வாய் மற்றும் தாடை அறுவை நிபுணர்களின் சங்கம், நோய் உள்ள பற்களை மட்டுமன்றி, நோய் வரும் வாய்ப்பு மிகுந்த பற்களையும் இளவயதிலேயே எடுப்பதை ஆதரித்து வந்துள்ளது. ஆனால் அதே நாட்டின் பொதுச் சுகாதாரச் சங்கம், தேவையற்ற முன்னெச்சரிக்கை அறுவையை எதிர்த்து 2008-ஆம் ஆண்டில் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆய்வுகளைச் சார்பின்றித் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பாய்வில், நோயற்ற, தொல்லையற்ற புதைந்த ஞானப்பல்லை எடுப்பதே நல்லது என்றோ, விட்டுவைப்பதே நல்லது என்றோ உறுதியாகக் கூறப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தது. விட்டுவைத்தால் காலமுறைப்படி பரிசோதிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

பிரிட்டனின் அனுபவம் இதற்குத் துணை நிற்கிறது. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில், அங்கே ஞானப்பல் எடுத்துக்கொண்டவர்களின் சராசரி வயது 25-லிருந்து 32-ஆக உயர்ந்தது. முன்பல்லின் பின்புறம் அரிக்கப்பட்டு வந்தவர்களும் மிகுந்தனர். பலருக்குத் தேவையற்ற அறுவை தவிர்க்கப்பட்டது உண்மை. சிலருக்கு அறுவை தள்ளிப்போடப்பட்டது மட்டுமே என்பதும் உண்மை.

வயது ஏன் முக்கியம்?

"பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், பிறகு கடினமாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இளவயதில் பல்லின் வேர் முழுமையாக வளர்ந்திராது, எலும்பும் சற்று நெகிழ்வாக இருக்கும். முப்பதைத் தாண்டினால் எலும்பு இறுகும், வேர் முற்றும், ஆறுவதற்கு நாளாகும். ஆகவே, ஒரு பல் எப்படியும் தொல்லை தரும் என்பது தெளிவாகத் தெரிந்தால், இருபத்தைந்துக்கு முன்னர் எடுப்பதே எளிது.

ஆனால் இந்த வாதத்தில் 'எப்படியும் தொல்லை தரும்' என்னும் பகுதியை மறந்துவிடக் கூடாது. எலும்புக்குள் முழுமையாகப் புதைந்து அமைதியாக இருக்கும் பற்கள் பல, வாழ்நாள் முழுவதும் அப்படியே இருந்துவிடுகின்றன. அவற்றைச் சூழ்ந்து நீர்க்கட்டி வருவதும் அரிதே. மாறாக, அறுவைக்கு உரிய விலை அனைவருக்கும் உண்டு. சில நாள் வீக்கமும் வலியும் வாய் திறக்க இயலாமையும் பொதுவானவை. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தருவது. பல்லின் வேர் பெரும்பாலும் அதனருகே நிற்கும். நாவுக்குச் செல்லும் நரம்பும் பக்கத்திலேயே உள்ளது. நிரந்தரமாக மரத்துப் போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவே. ஆனால் அந்த ஒருவருக்கு அது முழு வாழ்க்கை.

காரணமாகாத காரணங்கள்

இரண்டு தவறான எண்ணங்களை நீக்க வேண்டும். ஞானப்பல் முளைத்து முன்பற்களைத் தள்ளி வரிசையைக் கெடுத்துவிடும் என்பது ஒன்று. 1998-ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த ஆய்வில், ஞானப்பல் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, முன்பற்களின் நெருக்கத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வயது ஏற ஏறக் கீழ்முன்பற்கள் நெருங்குவது, ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் நிகழ்வதே.

மேல்பல்லை எடுத்தால் கண்பார்வை போய்விடும் என்பது மற்றொன்று. நம் பெரியவர்கள் பலர் இந்த அச்சத்தாலேயே சீழ்ப் பிடித்த பல்லையும் வைத்துக்கொண்டு துன்புறுகிறார்கள். பல்லுக்கு உணர்வு தரும் நரம்பும், பார்வைக்குரிய நரம்பும் வெவ்வேறானவை. பல்லை எடுப்பதால் பார்வை போவதில்லை.

எப்படி முடிவெடுப்பது?

வாய்க்கு ஒரு முடிவு எடுக்காதீர்கள். பல்லுக்கு ஒரு முடிவு எடுங்கள். ஒவ்வொரு ஞானப்பல்லையும் மூன்று வகையுள் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வகை, நோய் உள்ள பல். அடைக்க முடியாத சொத்தை, திரும்பத் திரும்ப வரும் ஈறு வீக்கம், சீழ், நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லின் அரிப்பு ஆகியவை இருந்தால் தயங்காமல் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் வகை, நோயில்லாமல், நேராக முளைத்தோ எலும்புக்குள் முழுமையாகப் புதைந்தோ அமைதியாக இருக்கும் பல். இதனை விட்டுவைக்கலாம். நம் மக்களுள் பலர் முதல் கடைவாய்ப்பல்லை இளவயதிலேயே சொத்தையால் இழந்துவிடுகிறார்கள். அத்தகையோருக்கு நன்கு முளைத்த ஞானப்பல் பின்னாளில் மெல்லுவதற்கும், செயற்கைப் பல் கட்டுவதற்கும் துணையாக நிற்கக்கூடும்.

மூன்றாம் வகைதான் சிந்திக்க வேண்டியது. பாதி வெளியே வந்து, முன்பல்லின்மீது சாய்ந்து, உணவு சிக்கும் நிலையில், ஆனால் இன்னும் வலிக்காத பல். என் இரண்டாம் தவறு இந்த வகையைச் சேர்ந்ததே. பல் துலக்கி அந்த இடத்தைத் தூய்மையாக வைத்திருக்க முடிகிறதா, ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வர இயலுமா, வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்னும் மூன்றையும் எடைபோட்டே இதில் முடிவு காண வேண்டும்.

வாழ்க்கைச் சூழலும் இதில் சேரும். கடலில் மாதக்கணக்கில் பணிபுரிவோர், பல் மருத்துவம் காப்பீட்டில் சேராத வேலைக்கு வெளிநாடு செல்வோர், விரைவில் தாய்மை அடைய எண்ணும் பெண்கள் ஆகியோர் புறப்படும் முன்னரே பரிசோதித்துக்கொள்வது நல்லது. கருவுற்ற காலத்தில் ஈறு வீக்கம் எளிதில் மிகும், அப்போது எக்ஸ்ரேயும் மருந்தும் அளவோடு பயன்படுத்தப்பட வேண்டியவை. வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறவிருப்போர், சிகிச்சை தொடங்கும் முன்னரே பல் மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின்னர்த் தாடைப் பற்களை எடுத்தால் எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

மருத்துவரிடம் அச்சமின்றிக் கேளுங்கள். இந்தப் பல்லில் இப்போது என்ன நோய் உள்ளது? எக்ஸ்ரேயில் எனக்கு அதைக் காட்ட முடியுமா? எடுக்காவிட்டால் என்ன நேரலாம்? எடுத்தால் என்ன நேரலாம்? வேர் நரம்பைத் தொடுகிறதா? வேர் நரம்பின்மீது படிந்திருப்பதாக ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தால், சி.பி.சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். பல்லின் தலைப்பகுதியை மட்டும் நீக்கி, வேரை அப்படியே விட்டுவைக்கும் முறையும் தக்கவர்களுக்கு உண்டு. இக்கேள்விகளால் நல்ல மருத்துவர் எவரும் வருந்தமாட்டார்.

எடுத்தாலும் வைத்தாலும்

எடுப்பது என்று முடிவானால், பயணத்துக்கு முந்தைய வாரத்தில் வேண்டாம். மூன்று நான்கு வாரங்களாவது இடைவெளி விடுங்கள். அவசரமில்லாத அறுவையை ரமலானுக்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொண்டால், மருந்தும் மென்மையான உணவும் நேரத்துக்கு எடுத்துக்கொள்ள எளிதாக இருக்கும். அறுவைக்குப் பின் முதல் நாள் வாயை வலிந்து கொப்பளிக்கக் கூடாது. புகைபிடிப்பதை விட்டுவிட வேண்டும். குழியில் உறைந்த இரத்தமே புண்ணுக்கு இயற்கையான மூடி. அது பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாளளவில் கடும் வலி தொடங்கும்.

வைத்திருப்பது என்று முடிவானால், ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள். தேவைப்பட்டால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுங்கள். சிறிய தலையுள்ள தூரிகையால் கடைக்கோடிவரை துலக்குங்கள். வாய் திறக்க முடியாமை, விழுங்க இயலாமை, காய்ச்சல், தாடைக்குக் கீழே கழுத்துவரை வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அந்தத் தகப்பனாருக்குச் சொன்ன பதில்

மஃரிபுக்குப் பின் வாசலில் நின்ற அந்தத் தகப்பனாரையும் மகனையும் மறுநாள் வரச் சொல்லி, எக்ஸ்ரேயை விளக்கொளியில் வைத்துப் பார்த்தோம். மேற்பற்கள் இரண்டும் நேராக முளைத்திருந்தன. கீழே இடப்பக்கத்துப் பல் எலும்புக்குள் ஆழமாக உறங்கியது, அதன் வேர் நரம்பின்மீதே கிடந்தது. வலப்பக்கத்துப் பல் பாதி வெளியே வந்து சாய்ந்திருந்தது. முன்பல்லின் பின்புறத்தில் சொத்தையின் முதல் கறுப்பும் தெரிந்தது. வேர் நரம்பிலிருந்து விலகியிருந்தது.

எடுக்கச் சொன்னவரும் முழுமையாகத் தவறில்லை, வேண்டாம் என்றவரும் முழுமையாகத் தவறில்லை. நான்குக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னதுதான் தவறு. வலப்பக்கத்து ஒரு பல்லை மட்டும் எடுத்து, முன்பல்லின் சொத்தையை அடைத்தோம். மற்ற மூன்றையும் விட்டுவைத்தோம். எக்ஸ்ரேயின் படத்தைக் கைப்பேசியில் பதிந்து அந்தத் தம்பியிடம் கொடுத்து, "விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், உம்மாவைப் பார்த்த மறுநாள் என்னையும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த இளைஞரிடம் நான் சொல்லாமல் விட்ட வார்த்தை அதுதான்.